தூரதாங்கி

சென்னையிலிருந்து டில்லிக்கு ஒன்பது நிமிடம் என்று ஆகிவிட்ட பிறகும், மணல்குடியிலிருந்து காரைப்புதூருக்குப் போக ஒரு முழுப்பகல் தேவைப்பட்டது. கடலோர மணல்குடியில் விடிந்ததும் கிளம்பும் பன்னிரண்டு இருக்கை விமானம் மேற்கு மலையடிவாரத்துக் காரைப்புதூரில் இறங்கும்போது, தென்னைகளின் நிழல் ஓடுபாதைக்குக் குறுக்கே நீண்டு கிடக்கும். கிளம்பும் முன் விமானி பிரகாசி பயணிகள் பக்கம் திரும்பி, இன்றைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று தோராயமாகச் சொல்வாள். சரியாகச் சொல்ல முடியாது. நேற்றிருந்த தூரம் இன்று இருப்பதில்லை.

அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அது ஐம்பத்தைந்து நிமிடப் பயணம்தான். அப்போது இடத்தைப் பற்றிய அந்தக் கண்டுபிடிப்பு வந்திருக்கவில்லை. இடத்தை அழிக்க முடியாது, ஆனால் ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வைக்கலாம் என்பதுதான் கண்டுபிடிப்பு. பெருநகர விமானநிலையங்களில் தூரவாங்கிகள் எழுந்தன. இரண்டு நகரங்களுக்கு நடுவே கிடந்த தூரத்தை அவை உறிஞ்சிக்கொண்டன. உறிஞ்சியதை எங்காவது இறக்க வேண்டுமே? இடியை வாங்கி மண்ணுக்குள் விடும் இடிதாங்கியைப்போல, மணல்குடியிலும் காரைப்புதூரிலும் ஓடுபாதையின் ஓரமாக ஒரு செம்புக் கம்பத்தை நட்டார்கள். அதற்குத் தூரதாங்கி என்று பெயர் வைத்தார்கள்.

முதலில் ஒரு நிமிடம் கூடியது. எதிர்க்காற்று என்று பிரகாசி நினைத்தாள். பிறகு கால் மணி, பிறகு ஒரு மணி. இரண்டு ஊருக்கும் நடுவில் இருந்த பொட்டலில், அருகருகே நின்ற இரண்டு பனைகளுக்கு இடையில் புதிதாக நிலம் பிறந்துகொண்டிருந்தது. வெளிர்மஞ்சள் மண், பெயரில்லாத மண். ஒரு மழைக்குப் பிறகு அதில் புல் வந்தது, அதற்கடுத்த ஆண்டு பறவைகள் வந்தன. சாலை கிழிந்துபோனதால் பேருந்துகள் நின்றன. தண்டவாளம் இரண்டு முனையிலும் புல்லுக்குள் முடிந்தது. ஜனங்கள் அந்த நிலத்துக்கு நடுவெளி என்று பெயர் வைத்தார்கள்.

தூரம் வளர்ந்ததைப் பிரகாசி கருவிகளைப் பார்த்து அறிந்ததைவிட சவரிமுத்துவின் கூடையைப் பார்த்துத்தான் அதிகம் அறிந்தாள். சவரிமுத்து மணல்குடி மீன் வியாபாரி, வாராவாரம் அவளோடு பறப்பவர். ஆரம்பத்தில் கடல்நீர் சொட்டச் சொட்டச் சீலா மீனை ஏற்றுவார். பிறகு ஐஸ் பெட்டியோடு வந்தார். இப்போது கருவாடு மட்டுமே கொண்டு வந்தார். விமானம் முழுக்க அந்த வாசனை. பிரகாசியும் மணல்குடிக்காரிதான், அவளுக்கு அது வாசனையாகவே பட்டது.

அவள் வாழ்க்கைப்பட்ட ஊர் காரைப்புதூர். கணவன் நல்லசிவம் அங்கே கால்நடை மருத்துவர். மகள் செவ்வந்தி இரண்டாம் வகுப்பு. முன்பெல்லாம் காலையில் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுவாள். தூரம் கூடக்கூட அவள் மணல்குடியில் தங்கும் இரவுகளும் கூடின. மற்றப் பிள்ளைகள் அம்மா எத்தனை மணிக்கு வருவாள் என்று கேட்டார்கள். செவ்வந்தி மட்டும், எந்தக் கிழமை வருவாள் என்று கேட்கப் பழகிக்கொண்டாள். வேலையை விட்டுவிடலாம் என்று நல்லசிவம் ஒருமுறை சொல்லிப்பார்த்தான். தான் விட்டால் இந்தத் தடத்துக்கு வேறு விமானி வரமாட்டார் என்று பிரகாசி சொன்னாள். அதற்குமேல் அவன் வற்புறுத்தவில்லை. நீண்ட தூரம் பறக்கும் வித்தையை நாடே மறந்துகொண்டிருந்தது. நகர விமானங்களில் பத்து நிமிடத்துக்கான எரிபொருளை மட்டும் ஊற்றினார்கள். பெரிய தொட்டி வைத்த பழைய விமானங்களை உருக்கி வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு அந்த அறிவிப்பு வந்தது. மிச்சமிருக்கும் எல்லா நகரங்களையும் ஒரே நாளில் இணைக்கப்போவதாகத் தூரச் சீரமைப்பு ஆணையம் சொன்னது. அந்தத் தூரம் முழுவதும் நடுவெளியில் இறங்கும். அதன்பின் மணல்குடி–காரைப்புதூர் விமானம் கிடையாது. திங்கட்கிழமை திறப்பு விழாவும் இறக்கமும், அதற்குள் அவரவர் எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

சனிக்கிழமை காலை பிரகாசி கடைசிப் பயணத்துக்காக விமானத்தை எடுத்தாள். வீட்டுக்குப் போகிறாள், இனி கடலைப் பார்க்கப்போவதில்லை. பயணிகள் இரண்டே பேர். காரைப்புதூரில் கொடுக்க வேண்டிய சரக்கைக் கொடுத்துவிட்டு மறுநாள் அதிகாரிகளை மட்டும் ஏற்றும் ஆணையத்தின் வண்டியில் கேட்டு இடம் வாங்கி, நகரங்கள் வழியாகச் சுற்றி ஊர் திரும்பலாம் என்று நம்பிய சவரிமுத்து ஒருவர். இன்னொருவர் ஆணையத்தின் மூத்த பொறியாளர் தாட்சாயணி. தூரதாங்கியை வடிவமைத்தவர்களில் ஒருவர். நடுவெளியின் மையத்தில் நின்ற மூன்றாவது கம்பத்தை, இறக்கத்துக்கு முன் ஒருமுறை சோதித்துவிட்டுப் போக வந்திருந்தார்.

தாட்சாயணி முன்னிருக்கையில் வந்து உட்கார்ந்தார். கீழே புல்வெளி விரிந்துகொண்டே போனது. அதில் மேகங்களின் நிழல் தவிர வேறெதுவும் நகரவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வரைபடத்தில் பார்த்தபோது இது இவ்வளவு அழகாக இருக்கும் என்று தான் நினைக்கவில்லை என்றார். இந்த இரண்டு ஊரை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று பிரகாசி கேட்டாள். பல வருடமாகக் கேட்க நினைத்த கேள்வி.

“ஒரு வருஷத்துல எந்த ரூட்ல ஆள் ரொம்பக் கம்மியோ, அதைத்தான் எடுப்போம்” என்றார் தாட்சாயணி. “யாருக்கும் பெருசா கஷ்டம் இருக்காதுன்னு.”

“பன்னெண்டு சீட்டு விமானத்துல எத்தன பேரு மேடம் போவ முடியும்?”

தாட்சாயணி மறுபடி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நண்பகலில் அவர்கள் நடுத்தளத்தில் இறங்கினார்கள். மண்ணைச் சமப்படுத்திய ஓடுபாதை, ஒரு தகரக் கொட்டகை, எண்ணெய்த் தொட்டி, தண்ணீர்த் தொட்டி, செம்புக் கம்பம். இவ்வளவுதான் நடுத்தளம். பிரகாசி எண்ணெய் நிரப்பத் தொடங்கினாள். தாட்சாயணி கம்பத்தின் அடியில் உட்கார்ந்து கருவிகளை எடுத்து வைத்தார். சவரிமுத்து கொட்டகை நிழலில் துண்டை விரித்தார்.

முதலில் காதடைத்தது. பிறகு சத்தங்கள் எல்லாம் விலகின. மேற்கே நீலக்கோடாகத் தெரிந்த மலைத்தொடர் அசையாமலேயே பின்வாங்கியது. கோடு நூலாயிற்று, நூல் ஒரு முனையாகச் சுருங்கியது. கிழக்கே இரட்டைப் பனைகளில் ஒன்று கைகாட்டி விடைபெறுவதைப்போலச் சிறுத்துக்கொண்டே போய்ப் புல்லுக்குள் மறைந்தது. எதுவும் அதிரவில்லை, எதுவும் உடையவில்லை. சற்றுப் பொறுத்துக் காற்று வந்தது. புதிதாகப் பிறந்த வெளியை நிரப்ப இரண்டு பக்கமிருந்தும் மெதுவாக வந்து புல்லைப் படுக்கவைத்தது, பிரகாசியின் சேலைத் தலைப்பை இரு பக்கமும் மாறி மாறி இழுத்தது. அந்தக் காற்று எத்தனையோ நாள் நிற்கவே இல்லை.

தாட்சாயணி கருவியைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். திங்கட்கிழமை நடக்க வேண்டியதை இன்றே செய்துவிட்டார்கள். விழாவை முன்னுக்குத் தள்ளியிருப்பார்கள். நடுத்தளத்தில் ஆள் இருப்பது ஆணையத்தில் யாருக்கும் நினைவில் வந்திருக்காது.

இரு பக்கமும் இப்போது எவ்வளவு என்று பிரகாசி கேட்டாள். தாட்சாயணி சொன்ன தொலைவில் பாதிக்குக்கூட அவள் விமானம் தாங்காது. அவர்களைத் தேடி வரக்கூடிய விமானம் நாட்டில் எங்குமே இல்லை.

சவரிமுத்து வெகுநேரம் இரண்டு திசையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, வீட்டில் மனைவி லூர்து மேரி சோறு வடித்திருக்கும் நேரம் என்று மட்டும் சொன்னார்.

தாட்சாயணி பையைத் திறந்து முழ நீளக் கோல் ஒன்றை எடுத்தார். திருப்புக்கோல். சோதனைக்கு வரும் பொறியாளர்கள் எப்போதும் கையில் வைத்திருப்பது. அதைக் கம்பத்தில் பொருத்தி அழுத்தினால், கடைசியாக இறங்கிய தூரம் முழுவதும் எங்கிருந்து வந்ததோ அங்கேயே திரும்பிவிடும். பொழுது சாயும்வரைதான் முடியும். அதற்குப் பிறகு தூரம் மண்ணோடு உறைந்துவிடும். அவர் கம்பத்தை நோக்கி நடந்தார்.

பிரகாசிக்கு அந்த நேரத்தில் செவ்வந்தியின் முகம் தவிர எதுவும் தெரியவில்லை. இன்று இரவுக்குள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டாள். கணக்குப் போட்டதுமே விமானி என்ற முறையில் இன்னொரு கணக்கும் தானாக வந்து நின்றது.

“மேடம், கொஞ்சம் நில்லுங்க. இப்ப வானத்துல எத்தன விமானம் இருக்கும்?”

தாட்சாயணி நின்றார். விழா நாள், புதிதாக இணைந்த நகரங்கள், எல்லோரும் ஆசையாகப் பறந்து பார்ப்பார்கள். நூற்றுக்கணக்கில் இருக்கும் என்றார். சொல்லும்போதே அவருக்கும் புரிந்துவிட்டது.

“பத்து நிமிஷ எண்ணெயோட கௌம்புனவங்க. நீங்க அழுத்துனா அவங்களுக்கு முன்னால ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம் ஆகாசம் நிக்கும். எங்கன எறங்குவாங்க?”

அவர்களைத் தரையிறக்கச் சொல்லிவிட்டு அழுத்தலாமே என்று சவரிமுத்து கேட்டார். நியாயமான கேள்விதான். பிரகாசி விமானத்து வானொலியில் காரைப்புதூரைக் கூப்பிட்டாள். நெடுநேர இரைச்சலுக்குப் பிறகு நல்லசிவத்தின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. அவன் செவ்வந்தியோடு விமானநிலையத்தில் காத்திருந்தவன். நடந்ததைச் சொன்னாள். அவன் அங்கிருந்தே ஆணையத்தைத் தொலைபேசியில் பிடித்து மன்றாடினான். திறப்பு விழா நாளில் ஒரு விமானத்தைக்கூட நிறுத்த முடியாது, மூன்று பேர் விஷயத்தைத் திங்கட்கிழமை கவனிக்கிறோம் என்று பதில் வந்தது. அதை அவன் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அவளிடம் சொன்னான். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

தாட்சாயணி கோலைப் பிரகாசியிடம் நீட்டினார். தன்னால் முடிவெடுக்க முடியவில்லை என்றார். உங்கள் குழந்தை அந்தப் பக்கம் இருக்கிறது, நீங்கள் என்ன செய்தாலும் அதைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன் என்றும் சொன்னார்.

பிரகாசி கோலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு இறக்கையின் கீழே உட்கார்ந்தாள். இரண்டு திசைக் காற்றும் முகத்தில் பட்டது. ஒவ்வொரு விமானத்திலும் தன்னைப்போல ஒருவர் முன்னால் திரும்பி, இதோ வந்துவிட்டோம் என்று சொல்லிக்கொண்டிருப்பார் என்று நினைத்தாள். எழவேயில்லை. சூரியன் புல்லின் விளிம்பைத் தொட்டு, தயங்கி, மறைந்தது. கம்பத்துக்குள் கேட்டுக்கொண்டிருந்த ரீங்காரம் ஓய்ந்தது. சவரிமுத்து சிலுவை போட்டுக்கொண்டார்.

வானொலியில் நல்லசிவம் இன்னும் இருந்தான்.

“நான் அழுத்தல” என்றாள்.

இரைச்சலுக்குள்ளிருந்து அவன் குரல் வந்தது.

“செரி கண்ணு. நீ அங்கயே இரு. நாங்க வர்றோம்.”

எப்படி வருவான் என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அவன் வெயில்வண்டியில் கிளம்பினான். கூரையெல்லாம் கதிர்த்தகடு பதித்த, மாடுகளை ஏற்றிப்போகும் பெரிய மருத்துவ வண்டி அது. சூரியன் இருக்கும்வரை ஓடும், இருட்டினால் நிற்கும். எண்ணெய் தேவையில்லை. அரிசி, பருப்பு, வானொலி, வழியில் பிள்ளைக்குப் பால் வேண்டுமென்று இரண்டு காங்கேயம் பசுக்கள். மாலைதோறும் வண்டி நின்றதும் கூப்பிடுவான். முதலில் பாதிச் சொற்கள்தான் வந்துசேர்ந்தன. செவ்வந்தி இன்று என்ன பறவை பார்த்தாள் என்பதில் பறவை இருக்காது, அல்லது செவ்வந்தி இருக்கமாட்டாள். வாரங்கள் போகப்போக இரைச்சல் வடிந்து சொற்கள் முழுதாயின. நடுத்தளத்தில் மூவரும் கருவாட்டைச் சுட்டுத் தின்று, மழைக்குட்டையில் தண்ணீர் மொண்டு, அந்த ஒரு குரல் நாளுக்கு நாள் தெளிவாவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தூரம் கொட்டிய நிலத்தில் பூமியின் வளைவு இல்லை. அதனால் அவன் வந்துசேர இரண்டு நாள் இருக்கும்போதே வண்டியின் தகடுகள் மேற்கில் ஒரு பொட்டாக மின்னுவது தெரிந்தது. பிரகாசி அந்த இரண்டு நாளும் வேறெந்தப் பக்கமும் திரும்பவில்லை. பொட்டு நட்சத்திரமாயிற்று, கண்ணாடிச் சில்லாயிற்று, கடைசியில் வண்டியாயிற்று. ஓடிவந்த செவ்வந்திக்கு முன்பற்கள் இரண்டு விழுந்திருந்தன. பிரகாசி அவளைத் தூக்கியபோது எடை கூடியிருப்பதை உணர்ந்தாள். நல்லசிவம் அருகில் வந்து நின்றான். வெயிலில் கறுத்து, தாடி வளர்ந்து, வேறு யாரோபோல இருந்தான்.

மழைக்கு முன் திரும்பிவிடலாம் என்று முதலில் பேசிக்கொண்டார்கள். மழை முந்திக்கொண்டது. பிறகு ஒரு பசு சினையாக இருப்பது தெரிந்தது. பிறகு கிளம்புவதைப் பற்றிய பேச்சே குறைந்துபோயிற்று. சவரிமுத்துவை மட்டும் நல்லசிவம் கிழக்கே கொண்டுபோய் வீட்டில் விட்டு வந்தான். அடுத்த ஆண்டு அவரே ஒரு வெயில்வண்டியில் லூர்து மேரியையும் மீன்குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். குட்டைகளில் மீன் விட்டார். தாட்சாயணி எங்கும் போகவில்லை. நிலத்தை நடந்து நடந்து அளந்துகொண்டிருந்தார்.

நகரத்து ஆட்கள் அதற்குப் பிறகுதான் வரத் தொடங்கினார்கள். எல்லா நகரமும் ஒன்பது நிமிடத்துக்குள் வந்துவிட்ட பிறகு, தூரமாக இருக்கிறேன், வர முடியாது என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லாமல் போயிருந்தது. எந்த ஊர் மேலாளரும் எந்த ஊர் ஊழியரையும் நேரில் வரச் சொன்னார். எந்தக் கல்யாணத்துக்கும் போகாமலிருக்கக் காரணம் இல்லை. ஓர் ஊரில் வந்த காய்ச்சல் மதியத்துக்குள் எல்லா ஊருக்கும் வந்தது. நாட்டில் மிச்சமிருந்த ஒரே பெருந்தொலைவு நடுவெளிதான். அங்கே கூட்டிப்போகத் தெரிந்த ஒரே விமானி பிரகாசி. வெயில்வண்டியில் எண்ணெய் கொண்டுபோய் வழிநெடுகத் தொட்டிகள் வைத்து, இறங்கி இறங்கி ஏறி, அவள் அவர்களைக் கொண்டுவந்தாள். முதல் நாள் அவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். மறுநாள் சன்னலில் தலைசாய்த்துத் தூங்குவார்கள். இன்னும் எவ்வளவு நேரம் என்று யாராவது கேட்டால், நிறைய என்பாள். அவர்கள் சிரித்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொள்வார்கள்.

நடுத்தளம் ஊராயிற்று, பிறகு பேரூராயிற்று. செவ்வந்தி உயர்நிலைப்பள்ளிக்குப் போகத் தொடங்கிய ஆண்டு, ஊர்மன்றம் கூடி ஒரு தீர்மானம் போட்டது. பிள்ளைகளின் மேற்படிப்பு, மருத்துவம், வியாபாரம் எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லி, நடுத்தளத்துக்கும் சென்னைக்கும் இடையில் ஒரு தூரவாங்கி வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கையொப்பமிட்டவர்களில் பெரும்பாலோர், வரும்போது அவள் விமானத்தில் சிரித்துவிட்டுக் கண்மூடியவர்கள். ஆணையம் உடனே சம்மதித்தது.

தாட்சாயணி அன்று சாயங்காலம் பிரகாசியின் வீட்டுக்கு வந்தார். தீர்மானத்தை எதிர்த்துப் பேசியும் பயனில்லை என்றார். தூரத்தை இறக்கத் தடமும் தேர்வாகிவிட்டதாம். வடக்கே பவளத்துறை, கொல்லங்காடு என்று இரண்டு சின்ன ஊர்கள். நாற்பது நிமிடப் பயணம், ஒரே ஒரு விமானம். போன ஆண்டுப் பயணிகள் கணக்கில் அதுதான் கடைசி. இந்த ஆண்டுக் கணக்கு முடிந்ததும் கம்பம் நடுவார்கள்.

பிரகாசி நல்லசிவத்தைப் பார்த்தாள்.

“போய்ட்டு வா” என்றான் அவன். “புள்ளய நான் பாத்துக்கறேன்.”

போய்ச்சேரவே அவளுக்கு வாரக்கணக்கில் ஆயிற்று. பவளத்துறையில் பயணச்சீட்டு வாங்கி ஏறினாள். அவளையும் சேர்த்து மூன்று பயணிகள். விமானி ஜெயசீலன் நரைத்த மீசைக்காரர். திரும்பிப் பார்த்து நாற்பது நிமிடம் என்றார். தோராயமாக என்று சொல்லவில்லை. கீழே சின்னச் சின்ன வயல்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. எந்தப் பனையும் எந்தப் பனையையும் விட்டு விலகவில்லை. கொல்லங்காட்டில் இறங்கியதும் அவள் அங்கேயே நின்று திரும்பிப் போகவும் சீட்டு வாங்கினாள். மறுநாளும் வாங்கினாள். மூன்றாம் நாள் ஜெயசீலன் அருகில் வந்து, உங்களுக்கு இங்கே என்ன வேலை என்று தயங்கியபடி கேட்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. ஆனால் அடுத்த வாரம் அவர் மனைவி ஏறினார். அவர் தெருவில் இருந்தவர்கள் ஏறினார்கள். பவளத்துறைப் பள்ளிக்கூடம் முழுவதும் வகுப்பு வகுப்பாக வந்து, சன்னலோர இருக்கைக்குச் சண்டை போட்டுக்கொண்டு ஏறியது.

ஆண்டு முடிந்து அவள் வீடு திரும்பியபோது, தாட்சாயணி ஓடுபாதையிலேயே காத்திருந்தார். பவளத்துறை தப்பிவிட்டது என்றார். கடைசியிலிருந்து இரண்டாவதாக வந்திருக்கிறது.

பிரகாசி விமானத்தின் படியிலிருந்து இறங்கி அவர் அருகே வந்தாள்.

“அப்போ கடைசி எது?”

தாட்சாயணி இரண்டு ஊர்ப் பெயர்களைச் சொன்னார். பிரகாசி இதுவரை கேள்விப்பட்டிராத பெயர்கள்.

“எவ்வளவு நேரப் பயணம் மேடம்?”

“அறுபது நிமிஷம்” என்றார் தாட்சாயணி. “இப்போதைக்கு.”